புரன் அப்பு: மாத்தளை கண்ட கிளர்ச்சித் தலைவன்

சென்ற தவணையில் ஒரு நாள் மேல்வகுப்பு மாணவருக்குப் புறத்திணை இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தேன். பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்து வருதலே போரின் தொடக்கம் என்றும், அதுவே வெட்சி எனப்படும் என்றும் விளக்கியபோது, பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, பிறர் பொருளைக் கவர்வது களவன்றோ, அதனை வீரம் என்று எவ்வாறு சொல்லலாம் என்று வினவினான். நல்ல வினா. தொல்காப்பியனாரும் அச்செயலைக் களவு என்னும் சொல்லாலேயே சுட்டுகின்றார். ஆயினும் அது வேந்தன் விடுத்த வீரர் செய்வது என்று ஒரு வேலியும் இடுகின்றார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை மன்னுறு தொழில் என்றும் தன்னுறு தொழில் என்றும் வெட்சியை இரண்டாகப் பகுத்தது. அரசன் ஆணையால் நிகழ்வது முன்னையது. வீரன் தானே துணிவது பின்னையது. இப்பகுப்பை உரையாசிரியர் இளம்பூரணர் ஏற்றிலர்.

விடை சொல்ல நூலைப் புரட்டவேண்டியிருக்கவில்லை. யாம் வாழும் மாத்தளை மண்ணிலேயே அவ்வினாவுக்கு உடம்பும் உயிருமாக நின்ற ஒருவன் இருந்தான். கள்வன் என்று அரசினராலும் வீரன் என்று மக்களாலும் பேர் பெற்ற புரன் அப்புவே அவன். அவன் வரலாற்றை அன்று வகுப்பிற் சுருங்கச் சொன்னேன். இங்கே சற்று விரித்து எழுதுகின்றேன். அவனை ஒருமையிற் சுட்டுவது புலவர் மரபு பற்றியேயன்றி இகழ்ச்சி பற்றியன்று. பாட்டுடைத் தலைவரை அவ்வாறு சொல்லியே எமக்குப் பழக்கம்.

மலைநாட்டுக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவன் மலைநாட்டான் அல்லன். கொழும்புக்குத் தெற்கே கடலோரத்திலுள்ள மொரட்டுவையில் 1812 நவம்பர் 7 ஆம் நாள் பிறந்தவன். பெற்றோர் இட்ட பெயர் வீரஹென்னதிகே பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற பெயர்ச் சாயல் அதிலே தெரிகின்றது. கரையோரத்தில் அத்தகைய பெயர்கள் அக்காலத்திலும் பல, இன்றும் பல. மீன்பிடிக்குலத்தில் வந்த அச்சிறுவன் பதின்மூன்றாம் வயதிலே ஊர் அதிகாரியோடு பகைத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறினான் என்பர். இரத்தினபுரியில் வழக்கறிஞராயிருந்த உறவினர் ஒருவரிடம் சில காலம் தங்கினான். சட்டம் பேசும் வீட்டில் வளர்ந்தவன் சட்டத்துக்குப் புறம்பாகப் போனது விதியின் விளையாட்டுப் போலும். அங்கிருந்து ஊவாவுக்குச் சென்றான். காடும் மலையும் சூழ்ந்த அந்நாட்டிலேதான் பிரான்சிஸ்கோ என்னும் பெயர் மறைந்து புரன் அப்பு என்னும் பெயர் பரவலாயிற்று.

ஊவாவில் அவன் செய்தவை யாவை என்று கேட்டால் அரசினர் ஏட்டுக்கு ஒரு விடையும் கிராமத்தார் வாய்க்கு ஒரு விடையும் உண்டு. அவன் வழிப்பறிக்காரன், கொள்ளைக் கூட்டத்தான் என்பது ஏடு. உள்ளவரிடம் எடுத்து இல்லார்க்குக் கொடுத்தவன் என்பது வாய்மொழி. இவ்வகைக் கதை எந்நாட்டிலும் தேடப்படும் மனிதனைச் சுற்றி வளர்வது இயல்பாதலின், அதனை முழுதும் நம்பவும் வேண்டா, முழுதும் தள்ளவும் வேண்டா. ஐயத்துக்கு இடமின்றி எமக்குத் தெரிவது, அவனைப் பிடித்துக் கொடுப்பார்க்குப் பத்துப் பவுண் பரிசென்று அரசினர் அறிவித்தனர் என்பதே. அறிவித்தலோடு அங்க அடையாளங்களும் வந்தன. ஐந்தடி ஏழரை அங்குல உயரம், நீண்டு சுருண்ட தலைமயிர், வெளிறிய கண்கள், கட்டமைந்த உடல், பார்வைக்கு இனிய தோற்றம், முதுகிலே தண்டனைத் தழும்புகள், அம்மைப்பால் குத்திய தழும்புகள் நான்கு.

அவனுடைய உருவப்படம் எதுவும் அக்காலத்தில் வரையப்பட்டதாகத் தெரியவில்லை. அவனைப் பிடிக்க விரும்பிய எழுத்தனே அறியாமல் அவன் உருவத்தை எமக்கு வரைந்து தந்துள்ளான். அந்தப் பட்டியலின் கடைசி இரண்டு அடையாளங்களையும் நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஒரே அரசு ஒரே உடம்பில் நோய் தடுக்கக் குத்திய குறியும் இட்டிருக்கின்றது, சாட்டையால் அடித்த குறியும் இட்டிருக்கின்றது.

1847 இல் அவன் கண்டிப் பக்கம் வந்து, குன்னேபான ஆராச்சியின் மகள் பண்டார மெனிக்கேயை மணந்தான். கரையோரத்தான் ஒருவனுக்கு மலைநாட்டு ஆராச்சி வீட்டுப் பெண் கிடைத்தமை, அவன்மீது அந்நாட்டார் வைத்த மதிப்பைக் காட்டும். இல்லறம் ஓராண்டளவே நிலைத்தது.

அவ்வாண்டில்தான் இலங்கைக்குப் புதிய தேசாதிபதி வந்தார். டொரிங்டன் பிரபு என்னும் அவரும் 1812 ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். பிரித்தானியப் பிரதமர் ரசல் பிரபுவுக்கு உறவினர். குடியேற்ற நாட்டு ஆட்சியிலே முன்னனுபவம் இல்லாதவர். அவர் வந்திறங்கிய வேளை நல்ல வேளையன்று. மலைநாட்டுக் காடுகளை அழித்துக் கோப்பி பயிரிட்டுக் கொழுத்த துரைமார், 1847 இன் விலை வீழ்ச்சியால் நிலைகுலைந்தனர். தோட்டங்கள் கைமாறின. திறைசேரி வறண்டது. கோப்பி வருமானத்தை நம்பியே அரசாங்கம் நடந்தமையால், வெற்றுப் பெட்டியை நிரப்ப வேறு வழி தேடவேண்டியதாயிற்று. அந்த வழி குடிமக்களின் கைப்பையை நோக்கித் திரும்பியது.

1848 இல் விதித்த வரிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பவன் ஆண்டுக்கு இரண்டு சிலிங் ஆறு பென்சு கட்டி அனுமதி பெறவேண்டும். நாய் ஒன்றுக்கு ஒரு சிலிங். கடைக்கு ஒரு பவுண். வண்டிக்கும் வள்ளத்துக்கும் வெவ்வேறு வரி. இவை எல்லாவற்றிலும் மக்களைச் சுட்டது தெருச் சட்டம். வயது வந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் தெரு வேலை செய்யவேண்டும். இன்றேல் மூன்று சிலிங் கட்டவேண்டும். இச்சட்டம் பௌத்த பிக்குகளையும் விட்டுவைக்கவில்லை. மண்ணைத் தோண்டுதலையும் பணத்தைத் தீண்டுதலையும் விநய நூல்கள் பிக்குவுக்கு விலக்கியுள்ளன என்பதை அறியாமலா சட்டம் எழுதினர்? அறியாமல் எழுதியிருந்தால் பேதைமை. அறிந்து எழுதியிருந்தால் செருக்கு. எதுவாயினும் விளைவு ஒன்றே.

மலைநாட்டுக் கிராமத்தானுக்குத் துப்பாக்கி போருக்கன்று. சேனைப் பயிரைப் பன்றியினின்று காக்க அது வேண்டும். நாயும் அவ்வாறே. நகரத்துத் துரைக்கு நாய் வேடிக்கைப் பொருளாகலாம். காட்டோரத்துக் குடியானவனுக்கு அது காவற்காரன். 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமைப் பத்திரம் காட்டமாட்டாத காட்டு நிலமும் சேனை நிலமும் முடிக்குரியன என்று முன்னரே எடுத்துக்கொள்ளப்பட்டு, தோட்டத்துக்கென விற்கப்பட்டிருந்தன. நிலம் போயிற்று, மிஞ்சியதைக் காக்கும் நாய்க்கும் வரி வந்தது. ஜூலை 6 ஆம் நாள் கண்டியில் மக்கள் திரண்டு முறையிட்டனர். முறையீடு செவியேறவில்லை.

இங்கே ஒன்றை நினைத்தல் வேண்டும். 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டபின், 1817 இலும் 1818 இலும் ஊவா வெல்லச கிளர்ந்தெழுந்தது. அப்போது தலைமை தாங்கினோர் பிரதானிகள். அவருள் முதல்வனாகிய கெப்பெட்டிபொல மாத்தளைப் பகுதியிற் பிறந்தவன். 1818 நவம்பரில் கண்டிப் போகம்பறையில் தலை வெட்டுண்டு மாண்டான். அதன்பின் பிரதானிகளின் வலிமை ஒடுங்கியது. 1848 இல் வரி விழுந்தபோது அவருட் பெரும்பாலோர் வாளாவிருந்தனர். அவர் விட்ட இடத்தை நிரப்பியோர், குலமுறை பேச ஒன்றும் இல்லாத எளியோரே. புரன் அப்பு போன்ற கரையோரத்தான், தேடப்படும் மனிதன், மலைநாட்டாருக்குத் தலைவனாகும் வாய்ப்பு அவ்வாறே பிறந்தது. பிரதானிகள் முன்னின்றிருப்பின் அவன் பெயர் பத்துப் பவுண் அறிவித்தலோடு ஒழிந்திருக்கும்.

ஆயினும் மக்கள் அரசனின்றிப் போர் தொடுக்க விரும்பினாரல்லர். கள்வன் பின் செல்வது கொள்ளை. மன்னன் பின் செல்வது போர். ஆதலின் ஒரு மன்னன் வேண்டியிருந்தான். அதற்குக் கிடைத்தவன் கொங்காலேகொட பண்டா. அவனும் கரையோரத்துப் பேலியகொடையிற் பிறந்து, டேவிட் என்னும் பெயர் பூண்டு, பின் உடுநுவரையில் வந்து குடியேறியவன். தான் கண்டி அரச குலத்தான் என்றான். மக்கள் அதனை நம்பினரோ, நம்ப விரும்பினரோ, ஏற்றுக்கொண்டனர். 1848 ஜூலை 26 ஆம் நாள் தம்புள்ளைக் குகை விகாரையிலே கிரானேகம தேரர் அவனுக்கு முடி சூட்டினார். வலகம்பா மன்னன் பகைவருக்கு ஒதுங்கி மறைந்திருந்தான் என்று சொல்லப்படும் குகை அது. இழந்த அரசை மீட்கும் எண்ணத்துக்கு அதனினும் பொருத்தமான இடம் கிடைப்பதரிது. பண்டாவின் தமையன் தினேசு துணை அரசனானான். டிங்கிரிராளை என்பான் ஏழு கோரளைக்குத் தலைவனாயினான். புரன் அப்பு அரசனின் வாளேந்தும் உரிமை பெற்றான். அவனை முதலமைச்சன் என்பாரும் படைத்தலைவன் என்பாரும் உளர். பட்டம் எதுவாயினும் படை அவன் சொற்படியே நடந்தது.

வெண்பாமாலையின் இரு துறைகளையும் இப்போது மீண்டும் நினைக்கலாம். அந்த முற்பகல் வரை அவன் செய்ததெல்லாம் தன்னுறு தொழில். குகையிலே முடி ஏறிய கணத்திலிருந்து அதே கை அதே வாளைக்கொண்டு செய்வது மன்னுறு தொழில். மன்னனோ இரண்டு நாழிகைக்கு முன் மன்னனல்லன். வாளேந்தியவனை வீரனாக்கும் பொருட்டே அம்மன்னன் ஆக்கப்பட்டான் என்று சொன்னாலும் தவறாகாது. இளம்பூரணர் அப்பிரிவை ஏற்காமைக்கு இலக்கணக் காரணம் வேறு; வாழ்க்கையில் அக்கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்குத் தம்புள்ளையே சான்று.

ஜூலை 28 ஆம் நாள் படை தம்புள்ளையை விட்டுத் தெற்கே மாத்தளை நோக்கிப் புறப்பட்டது. ஏறக்குறைய 45 கிலோமீற்றர் வழி. நாலந்தை கடந்து வருவது. தமிழ் வாசகருக்கு இவ்வழி அயலானதன்று. மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே நடந்து, கொள்ளை நோயிலும் காய்ச்சலிலும் ஒருபகுதியினரைப் பறிகொடுத்து, கோப்பித் தோட்டம் தேடி வந்த எம்மவர் மாத்தளையை அடைந்ததும் இதே வடதெருவாலேதான். நடந்து களைத்து வந்தோர் முதன்முதல் மலையடி நிழல் கண்ட ஊர் இது. முத்துமாரியம்மன் இங்கே குடிகொண்டதும் அவர் கண்ணீரினாலேயே. ஒரே தெருவில், ஒரே காலத்தில், ஒரே கோப்பியின் பொருட்டு நிலம் இழந்தோரும் ஊர் இழந்தோரும் நடந்தனர். ஒருவர் துயரை மற்றவர் அறிய அன்று வழி இருக்கவில்லை.

மாத்தளைக்குள் நுழைந்த படை கச்சேரியைத் தாக்கியது. வரி ஏடுகள் அழிக்கப்பட்டன. கோபங்கொண்ட கூட்டம் பொற்குவையை விட்டு ஏட்டைத் தேடி அழித்தது என்றால், அதன் நெஞ்சில் எது உறுத்தியது என்பது விளங்கும். வேறு கட்டடங்களும் தோட்டங்களும் சூறையாடப்பட்டன என்பதையும் மறைப்பதற்கில்லை. கட்டுப்பாடு பயின்ற படையன்று அது. அதே வேளையில் குருநாகலிலும் மக்கள் எழுந்தனர்; அங்கே பட்டாளத்தார் சுட்டதில் எண்மர் உயிர் துறந்தனர்.

கண்டியைப் பிடிப்பதே புரன் அப்புவின் நோக்கம். மாத்தளையிலிருந்து கண்டி 26 கிலோமீற்றர் அளவே. அந்த வழியைப் படை கடக்கவே இல்லை. இரவோடிரவாகக் கண்டியிலிருந்து கப்டன் லில்லி தலைமையிற் புறப்பட்ட பட்டாளம், 29 ஆம் நாள் மாத்தளைக்கு அருகே வாரியப்பொலைத் தோட்டத்தில் எதிர்ப்பட்டது. ஒருபுறம் அணிவகுத்துச் சுடப் பயின்ற சிப்பாய்கள். மறுபுறம் வாளும் ஈட்டியும் பன்றி சுடும் பழந்துப்பாக்கியும் ஏந்திய கிராமத்தார். நெடுநேரம் நிற்கக்கூடிய போரன்று அது. கிளர்ச்சியாளர் சிதறினர். பட்டாளத்தில் ஓர் உயிரும் போகவில்லை, காயம்பட்டவன் ஒருவனே. கிளர்ச்சி அடங்குமுன் கிராமத்தார் ஏறத்தாழ இருநூற்றுவர் மாண்டனர் என்பது அரசினர் கணக்கு. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த இலண்டன் நாடாளுமன்றத்தார் சிலர், இதனைப் போர் என்று எவ்வாறு அழைப்பது என்று பின்னர் ஐயுற்றனர்.

அன்றே கண்டியிலும், 31 ஆம் நாள் குருநாகலிலும் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. புரன் அப்பு பிடிபட்டான். இராணுவ நீதிமன்றம் நெடிது ஆராயவில்லை. ஆகஸ்ட் 8 ஆம் நாள் போகம்பறையிலே, கெப்பெட்டிபொல மாண்ட அதே மைதானத்தில், அவன் சுட்டுக் கொல்லப்பட்டான். முப்பத்தாறு வயது நிரம்பவில்லை. தம்புள்ளையில் வாள் ஏந்திய நாளிலிருந்து எண்ணினால் பதினான்கு நாள். அவன் பெயரை இன்றளவும் வாழ்விப்பது அப்பதினான்கு நாளே. முந்திய முப்பத்தைந்து ஆண்டும் அதற்கு முன்னுரை.

இறக்கும் வேளையில் அவன் அஞ்சவில்லை. தன்னைப் போன்றவர் ஓர் ஆறுபேர் அரசனுக்கு வாய்த்திருந்தால் மலைநாட்டில் வெள்ளையர் ஒருவரும் எஞ்சியிருக்கமாட்டார் என்னும் கருத்துப்படப் பேசினான். இதனைப் பதிந்துவைத்தவர் அவன் நண்பரல்லர். டொரிங்டன் பிரபுவே இலண்டனுக்கு எழுதிய கடிதத்தில் அறிவித்தார். பகைவர் வாயால் வரும் புகழுக்கு ஒரு தனி எடை உண்டு. வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799 இல் கயத்தாற்றில் தூக்கு மரத்தின் முன் நின்ற நிலையை எமக்கு அறிவிப்பதும் அவனைத் தூக்கிலிட்ட பானர்மனின் அறிக்கையே என்பதை இங்கே நினைக்கலாம். கட்டபொம்மனையும் கும்பெனியார் கொள்ளைக்காரன் என்றே எழுதினர்.

அடக்குமுறை புரன் அப்புவோடு நின்றிருந்தால் டொரிங்டன் பிரபு தம் பதவியில் இன்னும் சில காலம் இருந்திருப்பார். கிளர்ச்சி ஒடுங்கிய பின்னும் இராணுவச் சட்டம் அக்டோபர் 10 வரை நீடித்தது. இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பால் பதினெண்மர் சுடப்பட்டனர். அவருள் ஒருவர் குடாப்பொல தேரர். ஆகஸ்ட் 26 ஆம் நாள் அவரைக் காவியுடையோடே நிறுத்திச் சுட்டனர். தேரர் குற்றமற்றவர் என்று வழக்கறிஞர் சிலர் பரிந்து பேசியபோது, ஊரிலுள்ள வழக்கறிஞர் அனைவரும் சொன்னாலும் மறுநாட் காலை அவர் சுடப்படுவார் என்று தேசாதிபதி ஆணையிட்டு விடை கூறினாராம். காவியின்மேல் பாய்ந்த அந்தக் குண்டுகள் மலைநாட்டு நெஞ்சில் ஏற்படுத்திய புண் ஆற நெடுங்காலம் ஆயிற்று.

மன்னனாக்கப்பட்ட கொங்காலேகொட பண்டா எல்கடுவைக் குகையொன்றில் ஒளித்திருந்தான். செப்டெம்பர் 21 ஆம் நாள் மலே வீரர் அவனைப் பிடித்தனர். அவன் வழக்கு நவம்பர் 27 முதல் கண்டியில் உயர்நீதிமன்றத்தின்முன் நடந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டபோதிலும், பிரதம நீதியரசர் ஒலிபன்ற் கருணை காட்டுமாறு பரிந்துரைத்தார். தண்டனை நூறு கசையடியாகவும் நாடு கடத்தலாகவும் மாற்றப்பட்டது. இராணுவ நீதிமன்றத்தின்முன் நின்ற வாளேந்தி பத்து நாளுக்குள் மாண்டான்; சட்ட நீதிமன்றத்தின்முன் நின்ற மன்னன் உயிர் தப்பினான். புரன் அப்புவும் சில மாதம் பிடிபடாதிருந்து, அந்த நீதியரசர் முன் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் மாணவன் கேட்டான். தெருச் சட்டத்தை எழுதியோர் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது என்றேன்.

இலண்டனில் 1849 இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இலங்கை விவகாரத்தை ஆராயத் தொடங்கியது. கொழும்பில் ஒப்சேர்வர் பத்திரிகை ஆசிரியர் வைத்தியர் எலியட் புதிய வரிகளை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்தார். அங்கே ஜோசப் ஹியூம் முதலிய உறுப்பினர் விடாது வினவினர். சுட்டவர் யார், யார் ஆணையால், எந்தச் சான்றின்மேல் என்று ஒவ்வொன்றாகத் துருவினர். வரிகளிற் பல கைவிடப்பட்டன. தெருச் சட்டம் நிலைத்தது. பிக்குகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது.

பிற்காலம் புரன் அப்புவைத் தேசிய வீரர் வரிசையில் ஏற்றியது. பாடப் புத்தகங்களில் அவன் பெயர் வந்தது. 1978 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அவன் கதையைச் சிங்களத் திரைப்படமாக எடுத்தார். வெள்ளித்திரை அவனுக்குக் கொடுத்த முகம் ரவீந்திர ரந்தெனியவினுடையது. இன்று இளைஞர் பலருக்குப் புரன் அப்பு என்றால் அம்முகமே நினைவுக்கு வருகின்றது. நான்கு அம்மைப்பால் தழும்பும் முதுகுத் தழும்பும் உள்ள அந்தச் சுருள்மயிர் மனிதனை அறிவித்தற்பத்திரத்திலேதான் தேடவேண்டும்.

வாரியப்பொலையில் கோப்பி இப்போது இல்லை. 1869 இல் தோன்றிய இலைநோய் நாடெங்கும் கோப்பியை ஒழித்தது. எந்தப் பயிரின் பொருட்டு இத்தனையும் நிகழ்ந்தனவோ அப்பயிர் ஒரு தலைமுறைக்குள் மறைந்தது. கொங்காலேகொட பண்டா 1849 டிசெம்பர் 1 ஆம் நாள் மலாக்காவில் இறந்தான். மறு ஆண்டில் டொரிங்டன் பிரபு பதவியிழந்து கப்பலேறினார். புரன் அப்புவோடு ஒரே ஆண்டிற் பிறந்த அவர் 1884 வரை உயிர் வாழ்ந்தார்.